அளவுகோலையும் அளந்து பார்!



எலெக்ட்ரிக்கல் லேப்பில் முதல் நாளே நமக்குச் சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. கனெக்‌ஷன் கொடுப்பதற்கு முன்னால் மீட்டரின் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முள் தள்ளி நின்றால் எடுக்கிற ரீடிங் அத்தனையும் வீண். கருவி தப்பாக இருந்தால் கணக்கு எவ்வளவு சரியாகப் போட்டும் பயனில்லை.

மீட்டருக்கு இவ்வளவு பார்க்கிற நாம், மனிதர்களின் மனதை அளக்கும் கருவியைச் சோதித்துப் பார்க்கிறோமா? அந்தக் கருவிதான் கேள்வித்தாள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போனால் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, "வீடு வீடாப் போய்க் கேட்டு எழுதிட்டு வாங்கப்பா" என்கிறார்கள். நாமும் டிக் அடித்துக்கொண்டு வருகிறோம். அந்தத் தாள் அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்று யோசிப்பதில்லை. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும்

ஒரு ஸ்பிரிங் தராசில் ஒரு கிலோ அரிசியைப் பத்து முறை நிறுக்கிறோம். பத்து முறையும் 1,100 கிராம் காட்டுகிறது. தராசு மாறாமல் ஒரே பதிலைச் சொல்கிறது, இது நம்பகத்தன்மை. ஆனால் அந்தப் பதில் தப்பு. எனவே ஏற்புடைமை இல்லை. கேள்வித்தாளும் அப்படித்தான். எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில் வருகிறது என்பதற்காக அந்தப் பதில் உண்மையாகிவிடாது.

சொல் வேறு, செயல் வேறு

நம் விடுதியில் நூறு பேரிடம், "வரதட்சணை வாங்குவது சரியா?" என்று கேட்டுப் பாருங்கள். "தப்பு" என்றுதான் பெரும்பாலோர் எழுதுவார்கள். நாளைக்கு அவர்கள் கல்யாணத்தில் பைக்கும் நகையும் வந்து இறங்கினால்? அந்தக் கேள்வி அவர்கள் மனப்பான்மையை அளக்கவில்லை. ஊர் எந்தப் பதிலை மெச்சும் என்று அவர்களுக்குத் தெரியுமா என்பதைத்தான் அளந்தது.

அமெரிக்காவில் லாபியர் என்னும் சமூகவியலாளர் 1930-களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தார். சீனர்கள் மீது வெறுப்பு இருந்த காலம் அது. ஒரு சீனத் தம்பதியோடு ஊர் ஊராகப் பயணம் செய்து 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார். ஒரே ஓர் இடத்தில்தான் மறுத்தார்கள். பிறகு அதே இடங்களுக்கு, "சீனர்களை அனுமதிப்பீர்களா?" என்று கடிதம் எழுதினார். பதில் போட்ட 128 இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல், "மாட்டோம்" என்றன! 1934-இல் இதை அவர் வெளியிட்டார்.

அங்கே சொல் கடுமை, செயல் இனிமை. நம் ஊரில் பல நேரம் இதற்கு நேர்மாறு. "பொண்ணா இருந்தா என்னங்க, பையனா இருந்தா என்னங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்பார்கள். ஆனால் பெண் சிசுக்கொலைக்காக நம் தருமபுரி மாவட்டத்தின் பெயர் 1990-களில் நாடு முழுவதும் அடிபட்டது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் இங்கும் வந்தது. அந்த 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயது வரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழகத்தில் 942 பெண் குழந்தைகள். நம் மாவட்டத்தில் அதைவிடக் குறைவு. வாய் சொன்னதை எண்ணிக்கை மறுத்தது. கேள்வித்தாளின் பதிலை இப்படி வெளியே உள்ள ஓர் உண்மையோடு ஒப்பிடுவதே ஏற்புடைமைச் சோதனையின் உயிர்நாடி என்றால் மிகையாகாது.

வேலூர் தந்த பாடம்

மனப்பான்மை கிடக்கட்டும், பட்ட அனுபவத்தைக் கேட்டால் உண்மை வந்துவிடுமா? அதிலும் சிக்கல் உண்டு.

பிரசவத்துக்குப் பின் சில தாய்மார்களுக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. இதைக் கண்டுபிடிக்க 1987-இல் பிரிட்டனில் பத்துக் கேள்விகள் கொண்ட 'எடின்பரோ அளவுகோல்' உருவானது. மொத்த மதிப்பெண் 30. 13-உம் அதற்கு மேலும் வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

இதை அப்படியே தமிழாக்கினால் போதுமா? அதில் ஒரு வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால், "சாமான்கள் என் மேல் ஏறிக்கொண்டிருக்கின்றன" என்று வரும்! "சமாளிக்க முடியலைங்க" என்பதுதான் அதன் கருத்து. இதற்காகவே, தமிழில் பெயர்த்ததை மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்வார்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இதன் தமிழ் வடிவத்தைச் சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். தாய்மார்களின் மதிப்பெண்ணை மருத்துவ முறைப்படியான நோயறிதலோடு ஒப்பிட்டார்கள். நம் தாய்மார்களுக்கு எல்லைக்கோடு 13 அல்ல, 9 என்று தெரிந்தது. யோசித்துப் பாருங்கள் நண்பர்களே! பழைய கோட்டையே வைத்திருந்தால் 9 முதல் 12 வரை வாங்கிய தாயை, "ஒண்ணுமில்லைம்மா, வீட்டுக்குப் போ" என்று அனுப்பியிருப்போம். மீட்டரில் முள் தள்ளி நிற்பது இதுதான்.

புதிய கோட்டில், நோய் உள்ள 100 பேரில் 94 பேரைக் கண்டுபிடித்தது. நோயில்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விலக்கியது. அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? கணக்குப் போடுவோம். தமிழகக் கிராமத் தாய்மார்களிடம் நடத்தி 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, நூற்றுக்கு 11 பேருக்கு இந்நோய் வந்ததாகச் சொன்னது. 100 தாய்மார்களில் நோயுள்ள 11 பேரில் 10 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 89 பேரிலும் சுமார் 9 பேர் தவறாக மாட்டுவார்கள். ஆக 19 பேரில் பாதிக்குத்தான் உண்மையில் நோய். கேள்வித்தாள் ஒரு சல்லடை. தீர்ப்புச் சொல்லும் நீதிபதி அல்ல.

அந்த 2002 ஆய்வு கண்ட காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது! மாமியாரோடு மனக்கசப்பு, வறுமை, உதவிக்கு ஆளின்மை ஆகியவையும் அதில் உண்டு. "எல்லாம் ஒண்ணுதான்" என்று மனப்பான்மைக் கேள்வியில் மறைந்தது, தாயின் அனுபவத்தில் வெளிப்பட்டுவிட்டது.

நாம் செய்யக்கூடியவை

1. கேள்வித்தாளை முதலில் பத்துப் பேரிடம் கேளுங்கள். "இதுக்கு என்ன அர்த்தம்னு புரிஞ்சுகிட்டீங்க?" என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

2. பதிலைக் கேள்வியிலேயே ஊட்டாதீர்கள். "ஆண் குழந்தைதான் வேண்டுமா?" என்பதைவிட, "எத்தனை குழந்தை வேண்டும்? அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை?" என்று கேட்பது மேல். தேசியக் குடும்பநல ஆய்விலும் இப்படித்தான் கேட்கிறார்கள்.

3. மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மருமகளின் மனக்குறையைக் கேட்காதீர்கள். "நல்லா இருக்கறேங்க" என்பதைத் தவிர வேறென்ன சொல்வாள் அந்தப் பெண்?

4. சில நாள் கழித்துச் சிலரிடம் மறுபடி கேட்டு, பதில் மாறுகிறதா என்று பாருங்கள்.

5. பதிவேடு, கணக்கெடுப்பு, நேர்காணல் என வெளி உண்மை ஒன்றோடு கட்டாயம் ஒப்பிடுங்கள்.

பழுதான மீட்டரால் மோட்டார் எரிந்தால் ரீவைண்டிங் செய்துகொள்ளலாம். பழுதான கேள்வித்தாளால் ஒரு தாயின் துயரம் கணக்கில் வராமல் போனால் அதை எங்கே போய்ச் சரிசெய்வது? அடுத்த முகாமில் கேள்வித்தாள் கைக்கு வந்ததும், பேனாவைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் அதன் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.