படித்துவிட்டுக் கேட்ட கேள்வி

1996 ஏப்ரலில் அமெரிக்க நாவலாசிரியர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸின் பேட்டி, கலிஃபோர்னியாவின் கேசிஆர்டபிள்யூ வானொலியில் ஒலிபரப்பானது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அவருடைய ‘இன்ஃபினிட் ஜெஸ்ட்’ நாவல் வெளிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தொகுப்பாளர் மைக்கேல் சில்வர்பிளாட் தயங்கியபடியே தொடங்கினார்: இது என் கற்பனையாகவும் இருக்கலாம், ஆனால் இந்த நாவல் ‘ஃபிராக்டல்’ அமைப்பில் எழுதப்பட்டதாகத் தோன்றுகிறதே?

வாலஸ் வியந்துபோனார். ஆமாம், பதிப்பாசிரியரிடம் கொடுத்த கைப்பிரதி சியர்பின்ஸ்கி முக்கோணத்தைப் போல அமைந்திருந்தது. வெட்டுகளுக்குப் பின் அந்த வடிவம் சற்றுக் கோணிவிட்டது என்றார். முக்கோணத்துக்குள் முக்கோணமாகச் சிறுத்துக்கொண்டே போகும் கணித வடிவம் அது. நாவலின் எலும்புக்கூட்டை ஆசிரியர் வாயிலிருந்தே வரவழைத்தது ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பின்னால் இருந்ததோ முழு வாசிப்பு.

‘புக்வார்ம்’ என்ற அந்த அரைமணி நேர நிகழ்ச்சி 1989 முதல் 2022 வரை நடந்தது. விருந்தினரின் புதிய நூலோடு பழைய நூல்களையும் படித்துவிட்டு வருவது சில்வர்பிளாட்டின் வழக்கமாக இருந்தது. இன்றைய இலக்கியப் பாட்காஸ்ட்டுகளில் உருப்படியானவை எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். புத்தகத்தைப் பிரிக்காமல் வருகிறவர் ‘இது உங்கள் சொந்தக் கதையா?’ என்றுதான் கேட்பார். பத்து ஊரில் சொன்ன பதிலையே எழுத்தாளரும் திருப்பிச் சொல்வார்.

அப்படி ஒன்றான, போர்ட்லாந்தின் டேவிட் நைமன் நடத்தும் ‘பிட்வீன் த கவர்ஸ்’ பாட்காஸ்ட் பல சமயம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். ஒரு பத்தியின் தொனி ஏன் மாறியது என்பதையே நிதானமாகப் பேச அங்கே இடமுண்டு. அதே ஊரில் வாழ்ந்த எழுத்தாளர் உர்சுலா லெ குவினுடன் அவர் நடத்திய உரையாடல்கள், 2018இல் தனி நூலாகவே வந்தன.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ‘நியூயார்க்கர்’ இதழின் பாட்காஸ்ட்டுடையது. 2007 முதல் மாதந்தோறும் ஓர் எழுத்தாளர், அந்த இதழில் வந்த இன்னொருவர் கதையைத் தேர்ந்தெடுத்து வாசித்துக் காட்டுகிறார். பிறகு புனைவுப் பகுதியின் ஆசிரியர் டெபோரா டிரைஸ்மனுடன் அதை அலசுகிறார். தற்பெருமைக்கும் தன்னடக்கத்துக்கும் அங்கே வேலையில்லை. பிறர் கதையில் எதைக் கண்டு மயங்குகிறார் என்பதிலேயே அவருடைய எழுத்தின் ரகசியமும் தெரிந்துவிடுகிறது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள். கதை முழுவதையும் வாசித்துவிடுவதால் முன்தயாரிப்பு எதுவும் வேண்டாம். மற்ற இரண்டுக்கும், பேசப்படும் நூலைப் படித்துவிட்டுப் போங்கள்.