இளையோர் சமூக அணிதிரட்டல் நல்கை (ஐக்கிய அமெரிக்கா)

இளையோர் சமூக அணிதிரட்டல் நல்கை என்பது, நகரப் பகுதிகளில் வாழும் பதின்ம வயதினரும் இளைஞர்களும் தம் சுற்றுப்புறத்தின் சிக்கல்களைத் தாமே இனங்கண்டு, ஒன்றுகூடி, அதிகாரத்தில் உள்ளோரிடம் மாற்றம் கோருவதற்கு உதவும் வகையில் வழங்கப்படும் நிதி ஆகும். இந்நிதியைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் இதனைப் பெரும்பாலும் தனியார் அறக்கட்டளைகள் வழங்குகின்றன. அங்கு தேசியத் தேர்தல்களில் வாக்களிக்கும் வயது 18 என்பதால், அதற்குக் குறைந்த வயதினருக்கு அணிதிரட்டல் ஒரு முக்கிய அரசியல் வழியாக உள்ளது. நிதி தருவோரின் நிபந்தனைகளுக்கும் இளையோரின் தன்னுரிமைக்கும் இடையிலான இழுபறி, இத்துறையின் வரலாறு முழுவதும் காணப்படுகிறது.

இளைஞர் சேவையில் இருந்து வேறுபாடு

மாலை வகுப்பு, விளையாட்டுப் பயிற்சி போன்ற சேவைத் திட்டங்களில் இளையோர் பயனாளிகள் ஆவர். அணிதிரட்டலில் அவர்களே முடிவெடுப்பவர்கள். எடுத்துக்காட்டாக, பழுதடைந்த பள்ளிக் கழிப்பறையைச் சேவை அமைப்பு ஒன்று தன்னார்வலர்களைக் கொண்டு சீரமைக்கலாம். அணிதிரட்டும் மாணவர்களோ, எப்பகுதிப் பள்ளிகளுக்குப் பராமரிப்பு நிதி குறைவாக ஒதுக்கப்படுகிறது எனக் கணக்கெடுத்துப் பள்ளி வாரியத்திடம் கேள்வி எழுப்புவர்.

வரலாறு

இத்துறைக்கு முன்னோடியாகக் கருதத்தக்கது, 1962இல் நியூயார்க் நகரின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் தொடங்கப்பட்ட மொபிலைசேசன் பார் யூத் என்னும் திட்டம். இது இளையோரே வழிநடத்திய திட்டம் அன்று. இளையோர் குற்றங்களைக் குறைப்பதே அதன் நோக்கம். வாய்ப்பின்மையே இளையோரைக் குற்றத்தை நோக்கித் தள்ளுகிறது என்ற ரிச்சர்ட் குளோவார்ட், லாயிட் ஓலின் ஆகியோரின் கோட்பாடு இதற்கு அடிப்படையாக அமைந்தது. நடுவண் அரசு, நியூயார்க் நகராட்சி, போர்டு அறக்கட்டளை ஆகியவை இதற்கு நிதி அளித்தன.

திட்டப் பணியாளர்கள் வாடகை மறுப்புப் போராட்டங்களுக்குத் துணை நின்றபோது எதிர்ப்பு எழுந்தது. 1964இல், பொதுவுடைமைவாதிகள் ஊடுருவியுள்ளதாக நாளிதழ் ஒன்று குற்றஞ்சாட்ட, விசாரணைகள் நடைபெற்றன. அதன்பின் திட்டத்தின் அணிதிரட்டல் பணிகள் சுருங்கின. அரசுப் பணத்தைக் கொண்டு அரசு அமைப்புகளையே எதிர்ப்பதன் எல்லையை இந்நிகழ்வு காட்டியது.

1967இல் கிளீவ்லாந்து நகரில் வாக்காளர் பதிவுக்குப் போர்டு அறக்கட்டளை அளித்த நல்கையும் சர்ச்சைக்கு உள்ளானது. 1969ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் அறக்கட்டளைகளின் அரசியல் சார்ந்த செலவுகளைக் கட்டுப்படுத்தியது.

2000இல் பல அறக்கட்டளைகள் இணைந்து, இளையோர் அணிதிரட்டலுக்கென ஒரு கூட்டு நிதியத்தை நியூயார்க்கில் நிறுவின. 2010இல் கலிபோர்னியா எண்டோமெண்ட் 14 பகுதிகளில் தொடங்கிய 100 கோடி டாலர் மதிப்பிலான பத்தாண்டுத் திட்டத்திலும் இளையோர் அணிதிரட்டல் இடம்பெற்றது.

செயல்படும் முறை

அறக்கட்டளைகள் பொதுவாக வரிவிலக்குப் பெற்ற, 501(சி)(3) வகை அமைப்புகளுக்கே நிதி வழங்குகின்றன. சிறு இளையோர் குழுக்களுக்கு இத்தகுதி இருப்பது அரிது. அத்துடன், 18 வயதுக்குக் குறைந்தவர் செய்யும் ஒப்பந்தத்தை அவரே பின்னர் விலக்கிக்கொள்ளலாம் என்பதால், அவருடன் நேரடியாக ஒப்பந்தம் செய்வது கடினம். எனவே தகுதியுள்ள வேறோர் அமைப்பு நல்கையைப் பெற்று, கணக்குகளைப் பேணி, குழுவின் செலவுக்கு வழங்குகிறது. இதற்கு அவ்வமைப்பு ஒரு பங்கைக் கட்டணமாகப் பெறுவதுண்டு.

நல்கைகள் இருவகைப்படும். திட்ட நல்கையைக் குறிப்பிட்ட பணிக்கு மட்டுமே செலவிடலாம். பொதுச் செயற்பாட்டு நல்கையை ஊதியம், வாடகை, பயணம் என எத்தேவைக்கும் பயன்படுத்தலாம். எதிர்பாராத சிக்கல் எழும்போது உடனே திசைமாற முடிவதால் அணிதிரட்டல் குழுக்கள் இரண்டாவதையே பெரிதும் விரும்புகின்றன.

சட்ட வரையறை

சட்டமியற்றுவோரிடம் ஆதரவு திரட்டுவதற்கெனத் தனியார் அறக்கட்டளைகள் நிதி ஒதுக்க முடியாது. ஆனால் பள்ளி வாரியம், வீட்டு வசதி ஆணையம் போன்றவற்றை வரி விதிகள் சட்டமன்றங்களாக அன்றி நிர்வாக அமைப்புகளாகக் கருதுகின்றன. ஆகவே அவற்றின் கொள்கைகளை மாற்றக் கோருவது இத்தடையின்கீழ் வருவதில்லை.

விளைவுகள்

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் மாணவர்களும் பெற்றோரும் சமூக அமைப்புகளும் நடத்திய இயக்கத்தைத் தொடர்ந்து, பல்கலைக்கழக நுழைவுக்குத் தேவையான பாடங்களை எல்லா மாணவர்க்கும் உரித்தாக்கும் தீர்மானத்தைப் பள்ளி வாரியம் 2005இல் நிறைவேற்றியது. நியூயார்க்கின் பிராங்சு பகுதியில், ஆற்றங்கரையில் கைவிடப்பட்டிருந்த கான்கிரீட் ஆலை நிலம் 2009இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இதற்கான முயற்சியில் அப்பகுதி இளையோர் அமைப்பு ஒன்றும் பங்காற்றியது.

விமர்சனங்கள்

நல்கையைச் சார்ந்திருப்பது போராட்டங்களை மிதப்படுத்துகிறது என்பது முக்கிய விமர்சனம். 2007இல் வெளியான த ரெவல்யூசன் வில் நாட் பி பண்டட் என்னும் கட்டுரைத் தொகுப்பு இக்கருத்தை விரிவாக முன்வைத்தது. நல்கைக் காலம் ஓரிரு ஆண்டுகளே நீடிக்கையில், ஒரு கொள்கையை மாற்றப் பல ஆண்டுகள் ஆகலாம். உயர்நிலைப் பள்ளி உறுப்பினர்களும் சுமார் நான்கு ஆண்டுகளில் படிப்பை முடித்து விலகுகின்றனர். இதனால் புதியவர்களைப் பயிற்றுவிக்கும் செலவு ஓய்வதில்லை. மறுபுறம், ஊக்கத்தொகை இல்லாவிடில் பகுதிநேர வேலைக்குச் செல்ல வேண்டிய ஏழை மாணவர்கள் இப்பணியில் பங்கேற்கவே இயலாது என்று நல்கையை ஆதரிப்போர் சுட்டுகின்றனர்.