நீர் தெளிந்தால் போதுமா?

கழிவுநீரைச் சுத்திகரித்து நீர்நிலையில் விடுங்கால், "தெளிந்துவிட்டது, இனித் தீங்கில்லை" என்று கண் தீர்ப்பளிக்கும். அதனை நாம் நம்புதல் தகாது. கரைந்த அழுக்கைக் கண் காணாது. அதனை உண்ணும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஒட்சிசனைச் செலவிட, மீன்கள் மூச்சடைத்து மடியும். ஆதலின் மாதிரி நீரை 20 பாகை செல்சியசில், இருளில், 5 நாள் அடைத்துவைத்து, செலவான ஒட்சிசனை அளப்பர். அச்செலவு இலீற்றருக்கு 20 மில்லிகிராமை விஞ்சலாகாதென 1912இல் பிரித்தானிய அரச ஆணைக்குழு விதந்துரைத்தது. இலங்கையின் 2008ஆம் ஆண்டு விதி 30 என வகுத்தது. ஆயின், அவ்வாணைக்குழு எட்டு மடங்கு ஆற்றுநீர் கலக்குமெனக் கொண்டே கணித்தது. நம் கல்முனைக்கு வடக்கே விரியும் மட்டக்களப்பு வாவியோ, கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட, ஓட்டங் குன்றிக் கிடப்பது. அதில் வலைவீசி வாழ்வோர் பலர். அன்பர்காள்! விடும் நீரை மட்டுமன்று, ஏற்கும் நீரையும் அளந்தே தீர்ப்புக் கூறுவோம்.