நீலம் பூத்த பாத்திரம்

சென்ற மாதம் எங்கள் அடுத்த வீட்டில் ஒரு சின்னப் பிரளயம். புது மருமகள் அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டு டெலிபோனில் பேசப் போய்விட்டாள். தண்ணீர் சுண்டி, வெறும் பாத்திரம் தீயில் காய்ந்தது. இறக்கிப் பார்த்தால் அடியெல்லாம் மயில் கழுத்து வர்ணம்! "உன் அப்பா போலி எவர்சில்வரைத் தலையில் கட்டிவிட்டார்" என்றார் மாமியார். பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

பாவம், சம்பந்தி மேல் ஒரு குற்றமும் இல்லை. 1913-இல் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழலுக்கு நல்ல உருக்குத் தேடியபோது அகப்பட்டது இந்த உலோகம். இதில் குறைந்தது 10.5 சதவிகிதமாவது குரோமியம் உண்டு. அது காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து மேலே ஒரு படலமாகப் படிகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால், அதில் இரண்டு மூன்று பங்குதான் அதன் கனம்! துருவைத் தடுக்கும் கவசம் அதுவே.

சூடு ஏற ஏறப் படலமும் தடிக்கிறது. அதன் மேற்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடியில் உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலக்கும்போது சில நிறங்கள் அழிந்து சில மிஞ்சுகின்றன. சோப்புக் குமிழியில் பார்க்கிறோமே, அதே வேடிக்கை. சுமார் 300 டிகிரி சென்டிகிரேடில் வைக்கோல் மஞ்சள், 400-ஐ ஒட்டிப் பழுப்பு, 450-இல் ஊதா, 550-க்கு மேல் நீலம். சாதாரண உருக்கோ 300 டிகிரியிலேயே நீலமாகிவிடும்! எவர்சில்வரின் படலம் அவ்வளவு நிதானமாக வளர்கிறது.

ஆனால் ஒரு சங்கதி உண்டு. படலம் தடிக்க வேண்டிய குரோமியத்தை அடியிலிருக்கும் உலோகமே கொடுக்கிறது. அந்த மெல்லிய அடுக்கு ஏழையாகிவிடுகிறது. அங்கே துரு எளிதில் பிடிக்கும். பால், மருந்துத் தொழிற்சாலைகளில் பற்றவைத்த இடத்து நிறத்தை அமிலப் பசை தடவி நீக்குவது அழகுக்காக அல்ல. சுமார் 900 டிகிரிக்கு மேல் திரும்பத் திரும்பச் சுட்டு ஆறவைத்தால் படலமே செதில் செதிலாக உதிரும். அதனால் உலைகளுக்கு 25 சதவிகிதம் குரோமியமும் 20 சதவிகிதம் நிக்கலும் கலந்த ரகம்.

நம் அடுப்பங்கரைக்கு வினிகர் போதும். நான் சொன்னபடி மருமகள் அதைத் தடவி, ஊறவைத்துத் தேய்த்தாள். மஞ்சள் போயிற்று, நீலம் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தது. மாமியார் பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அசல்தான், எனக்கு அப்பவே தெரியும்" என்றார்!