மாமா கேட்ட ஒரே கேள்வி: ‘என்ன கம்பி போட்டவங்கள்?’

இந்தக் கிழமை எபிசோட்ல ரெண்டு நிமிஷத்தில சொல்லி முடிச்ச கதையின் மிச்சம் இது.

நான் ஒரு சென்சர் பெட்டி செய்து விக்கிறது உங்களுக்குத் தெரியும். அதின்ர பிளாஸ்டிக் கூட்டுக்கு அச்சு வெட்டினது சென்னை அம்பத்தூர்ல. கான்ட்ராக்ட் வேலையில சேத்த காசில முக்கால்வாசி அந்த இரும்புக்குள்ளதான். ரெண்டாவது தொகுதி ஓடேக்க அச்சின்ர ஒரு மூலை உடைஞ்சிட்டுது. வெல்டிங் போட்டுச் சரிபண்ணினாங்கள். பெட்டியள் தோர்ண்டன் ஹீத் வீட்டுக்கு வந்து திறந்தால், எல்லாத்திலயும் அதே இடத்தில ஒரு மினுங்கல் தழும்பு.

மாமாவிட்டக் காட்டினன். இங்க ஒரு டூல்ரூமில வேலை செய்து ரிட்டயர் ஆனவர். விரலால தடவிப் பாத்திட்டுக் கேட்டார்: “தம்பி, என்ன கம்பி போட்டவங்கள்?”

எனக்குத் தெரியாது. கேக்கவேணும் எண்டும் தெரியாது.

அவர் சொல்லித் தந்தது இதுதான். முதலில் அச்சு என்ன எஃகு என்று தெரிய வேண்டும். பி20 என்றால் கடினம் ராக்வெல் சி அளவில் சுமார் 30. எச்13 என்றால் கடினமாக்கிய பிறகு 50 வரை போகும். இரண்டிலும் கார்பன் வெல்டிங்குக்குக் கொஞ்சம் அதிகம். குளிர்ந்த அச்சில் வெல்டிங் வைத்தால் அந்த இடம் சட்டென்று ஆறி, கண்ணாடி போல இறுகி வெடிக்கும். அதனால் பி20ஐ 200 பாகை செல்சியஸுக்கு மேலும், எச்13ஐ 300க்கு மேலும் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே வேலையை முடித்து, மெல்ல ஆறவிட்டு, பிறகு டெம்பர் செய்ய வேண்டும்.

பிறகுதான் கம்பி. அது அந்த இடத்துக்கு என்ன வேலை என்பதைப் பொறுத்தது:

• பாலிஷ் அல்லது டெக்ஸ்சர் உள்ள முகம்: அச்சின் அதே கலவைக் கம்பி. டெக்ஸ்சர் அமிலத்தால் அரித்து எடுப்பது. வேறு எஃகை அமிலம் வேறு வேகத்தில் அரிக்கும். என்ர தழும்பு அதுதான்.

• தேயும் ஓரம்: 18% நிக்கல் உள்ள மாரேஜிங் கம்பி. வெல்டிங் முடிந்ததும் மெதுவாக இருப்பதால் சுலபமாகச் சீவலாம். பிறகு 480 பாகையில் சில மணி நேரம் வைத்தால் 50 அளவுக்கு இறுகும். ஆனால் அந்தச் சூட்டை மிச்ச அச்சும் தாங்க வேண்டும்.

• ஆழமான வெடிப்பு: அடியில் 312 ஸ்டெயின்லெஸ் கம்பி. இழுபட்டுக் கொடுக்கும், வெடிக்காது. ஆனால் மெது. மேல் அடுக்குக்கு ஆகாது.

அம்பத்தூருக்கு கோல் எடுத்தன். கையில கிடந்த ஸ்டெயின்லெஸ் கம்பியைத்தான் போட்டிருக்கினம். எஃகு பி20 எண்டு நானும் சொல்லேல்ல, அவையும் கேக்கேல்ல. அதைக் கிண்டி எடுத்து, பி20 கம்பி போட்டு, டெம்பர் செய்து, திரும்ப டெக்ஸ்சர் எடுக்க மூண்டு கிழமை போச்சுது. இப்ப டோர்ச் அடிச்சுப் பாத்தாத்தான் கொஞ்சம் தெரியும்.

ஆரும் அச்சுச் செய்விச்சால் எஃகுச் சான்றிதழை வாங்கி வையுங்கோ. எந்த முகத்தில டெக்ஸ்சர் எண்டதை வெல்டருக்கு எழுதிக் குடுங்கோ.

இன்னொண்டு. மாமா ஒவ்வொரு நாளும் வேலையால வந்து கை கழுவுறதை சின்ன வயசில இருந்து பாத்திருக்கிறன். என்ன வேலை எண்டு ஒருநாளும் கேக்கேல்ல. உங்கட வீட்டிலயும் அப்பிடி ஒராள் இருப்பார். கேட்டிட்டு எங்களுக்கு எழுதுங்கோ. அடுத்த எபிசோட்ல வாசிப்பம்.