பீப்பாயில் முதிரும் காலம்

பழமை என்பது எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரியான பயனைத் தருவதில்லை. பழந்துணி நைந்து போகிறது. பழைய அரிசிக்கோ மதிப்பு ஏறுகிறது. அறுத்த கையோடு குத்திய புது நெல்லின் சோறு குழைந்துவிடும். ஓராண்டு இருப்பு வைத்த நெல்லின் சோறு உதிரியாக வேகும். மருந்துக் குழம்புக்குப் பழம்புளியையே தேடுகிறோம். எங்கள் திண்டுக்கல் வட்டாரத்துச் சுருட்டுக்குரிய புகையிலையும் பதப்பட்டு முதிர்ந்த பின்னரே சுருட்டுவோர் கைக்கு வருகிறது. ஆகவே காலம் சில பொருள்களைக் கெடுக்கிறது, சிலவற்றைத் திருத்துகிறது என்பது தெளிவு. எப்படித் திருத்துகிறது? அதற்கு என்ன விலை வாங்குகிறது? இதை விளக்க மிகவும் பொருத்தமான எடுத்துக்காட்டு ஸ்காட்லாந்தில் இருக்கிறது. 40 ஆண்டுகளும் அதற்கு மேலும் மரப்பீப்பாயில் முதிரவைக்கப்பெறும் தானிய விஸ்கியே அது.

மதுவைப் பற்றி மாணவர்களிடம் பேசலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். குடிப்பதற்காக அன்று, அறிவதற்காகவே இதைச் சொல்லுகிறேன். பௌதிகமும் இரசாயனமும் கணக்கும் இங்கே ஒரே பீப்பாய்க்குள் கூடியிருக்கின்றன.

விஸ்கியில் இருவகை உண்டு. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை மட்டும் புளிக்கவைத்து, செம்பு வாலையில் தவணை தவணையாக வடிப்பது ஒரு வகை. அதனை மால்ட் விஸ்கி என்பர். கோதுமை, மக்காச்சோளம் முதலிய தானியங்களை வேகவைத்து, அவற்றின் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குவதற்கு முளைத்த வாற்கோதுமையையும் சேர்த்து, இடைவிடாது வடிப்பது மற்றொரு வகை. இதுவே தானிய விஸ்கி. இடைவிடாமல் வடிப்பதற்கு உதவும் தூண் வாலையைச் செம்மைப்படுத்தி 1830இல் உரிமை பெற்றவர், அயர்லாந்தில் கலால் அதிகாரியாக இருந்த ஈனியஸ் காஃபி என்பவர். உயர்ந்த தூணுக்குள் துளையிட்ட தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். மேலிருந்து புளித்த நீர் இறங்கும். கீழிருந்து நீராவி ஏறும். ஒவ்வொரு தட்டிலும் ஆவி சற்றே குளிர்ந்து மீண்டும் எழும். ஒவ்வொரு முறையும் அதில் ஆல்கஹால் மிகும். இவ்வாறு கிடைக்கும் வடிநீர் மெல்லிய சுவையுடையது.

"ஒற்றைத் தானிய விஸ்கி" என்ற பெயரைக் கேட்டவுடன், ஒரே தானியத்தால் ஆனது என்று நினைக்கத் தோன்றும். அது பொருளன்று. ஒரே வடிசாலையில் ஆனது என்பதே அதன் பொருள். இவ்வகை வடிநீரின் பெரும்பகுதி மால்ட் விஸ்கியோடு கலப்பதற்கே போய்விடும். தனியே நிறுத்தி நெடுங்காலம் காத்தவை மிகச் சிலவே. அவற்றுள்ளும் சிலவற்றின் தாயகம் இப்போது இல்லை. கேம்பஸ் என்னும் வடிசாலை 1993இலும், கிளாஸ்கோ நகரின் போர்ட் டண்டாஸ் வடிசாலை 2010இலும் மூடப்பட்டன. வாலை குளிர்ந்துவிட்டது, அது வடித்த நீரோ பீப்பாய்களில் முதிர்ந்துகொண்டிருந்தது. திறக்கும் ஒவ்வொரு பீப்பாயாலும் இருப்புக் குறையுமே அன்றி, இனி மிகாது. இத்தகைய விஸ்கியின் அருமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, பீப்பாய்க்குள் நடப்பதைக் காண்போம். ஓக் மரப்பீப்பாயில் மூன்று ஆண்டுகளேனும் இராத வடிநீரை ஸ்காட்ச் விஸ்கி என்று சொல்லச் சட்டம் இடந்தராது. அமெரிக்காவில் பூர்பன் என்னும் மதுவைப் புதிதாகச் செய்து உட்புறம் கருக்கிய ஓக் கலங்களிலேயே வைக்க வேண்டும். அங்கே ஒரு முறை பயன்பட்ட பீப்பாய்களில் மிகப் பல ஸ்காட்லாந்துக்கு வருகின்றன. நிறமின்றி உள்ளே புகும் வடிநீர், மரத்திலிருந்து பொன்னிறத்தையும் வனிலா மணத்தையும் பெறுகிறது. கருகிய பரப்பு அதன் கடுமையான நாற்றங்களை ஈர்த்துக்கொள்கிறது. மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று உள்ளே நுழைந்து மெல்ல மெல்லச் சுவையை மாற்றுகிறது.

காற்று நுழையும் வழி உண்டென்றால், ஆவி வெளியேறும் வழியும் உண்டு. நம் வீட்டு மண்பானையை எண்ணிப் பாருங்கள். அதன் துளைகளின் வழியே கசியும் நீர் ஆவியாகிறது, அதனால் பானை குளிர்கிறது, நீரும் குறைகிறது. பீப்பாயும் அவ்வாறே மூச்சு விடுகிறது. ஸ்காட்லாந்தில் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கு இவ்வாறு மறைகிறது. அதனைத் "தேவதூதர் பங்கு" என்று அந்நாட்டார் நயமாகக் கூறுவர்.

இப்பங்கு நம் நாட்டில் எவ்வளவு? பெங்களூரில் 1948இல் தோன்றிய அம்ருத் நிறுவனம் இதற்கு விடை தந்துள்ளது. வாற்கோதுமையிலிருந்து வடித்த தன் மால்ட் விஸ்கியை, விஸ்கியின் தாயகத்திலேயே கிளாஸ்கோ நகரில் 2004இல் அது விற்பனைக்கு வைத்தது. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரிலேயே ஆண்டுக்கு நூற்றுக்கு 10 முதல் 12 பங்கு ஆவியாகிறது. எட்டாண்டு முதிர்ந்த விஸ்கியை 2013இல் வெளியிட்டபோது, அதற்குப் "பேராசைத் தேவதூதர்கள்" என்று பொருள்படும் பெயரை அந்நிறுவனம் சூட்டியது பொருத்தமே.

கணக்கு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 200 லிட்டர் கொண்ட பீப்பாய் ஒன்று. ஆண்டுக்கு நூற்றுக்கு 2 குறைந்தால், 40 ஆண்டு கழித்து ஏறத்தாழ 89 லிட்டர் எஞ்சும். ஆண்டுக்கு நூற்றுக்கு 10 குறைந்தால், எட்டாம் ஆண்டின் முடிவில் 86 லிட்டர் எஞ்சும். 40ஆம் ஆண்டின் முடிவிலோ மூன்று லிட்டர்கூட இராது! குளிர்நாட்டின் 40 ஆண்டும் பெங்களூரின் எட்டாண்டும் இழப்பில் ஏறக்குறைய ஒன்றே. சுவையிலும் இரண்டும் ஒன்றாகிவிடும் என்று இதனால் முடிவுகட்டலாகாது. வெப்பத்தில் மரத்தின் சாரம் விரைந்து இறங்கும். காற்றால் நிகழும் மெதுவான மாறுதல்களுக்கோ தமக்குரிய காலம் வேண்டும். ஆயினும் எட்டாண்டு என்ற எண்ணைக் கண்டு, இது இளையது என்று இகழ்வதும் பிழையே.

குளிர்நாட்டுப் பீப்பாய்க்கும் ஓர் எல்லை உண்டு. அங்குள்ள ஈரக்காற்றில் நீரைவிட ஆல்கஹாலே மிகுதியாக வெளியேறுகிறது. அதன் அளவு நூற்றுக்கு 40க்குக் கீழே இறங்கிவிட்டால், அதனை விஸ்கி என்று விற்கச் சட்டம் அனுமதிக்காது. எனவே நெடுங்காலம் காப்பவர் ஆண்டுதோறும் அளந்து பார்க்க வேண்டும். எப்போது நிறுத்துவது என்று அறிவதும் முதிரவைக்கும் கலையின் ஒரு பகுதியாகும்.

குடகனாற்றங்கரையிலுள்ள எங்கள் தாடிக்கொம்பு சமவெளி ஊர். பெங்களூரினும் வெப்பம் மிக்கது. இங்கு மதுப்பீப்பாய் வேண்டாம், மண்பானையே போதும். மாணவர்களே, ஒரு புதுப் பானையில் நீர் நிரப்பி, வாயை இறுக மூடி, காலையும் மாலையும் நிறுத்து எழுதி வாருங்கள். மார்கழியில் ஒரு வாரமும் சித்திரையில் ஒரு வாரமும் இதைச் செய்து இரு கணக்குகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பொருளின் வயதைச் சொல்லும்போது அது வாழ்ந்த இடத்தையும் ஏன் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அப்போது உங்கள் கையெழுத்திலேயே விளங்கும்.