முதலில் சீட்டைத் தூக்குங்கள்

சைக்கிள் கடையில் நின்றால் அடிக்கடி காதில் விழுகிற கேள்வி, ‘கியர் எத்தனை?’ என்பதுதான். இருபத்தொன்று என்று கடைக்காரர் சொன்னதும் வாங்க வந்தவரின் முகம் மலர்ந்துவிடும். தடித்த டயர், முன்னால் ஷாக் அப்சார்பர், பளபளக்கும் ஸ்டிக்கர் எல்லாம் இருக்கும். மட்கார்டு இருக்காது. கேரியர், செயின் கவர், விளக்கு இருக்காது. சில வண்டிகளில் மணிகூட இருக்காது. மலைப்பாதையில் ஓட்டி விளையாடுவதற்காக உருவான வண்டியின் சாயல் அது. வாங்கியவரோ அதில் தினமும் வேலைக்குப் போக நினைக்கிறார். சில மாதங்களில் வண்டி மாடிப்படிக்குக் கீழே போய்விடுகிறது. முழங்கால் வலிக்கிறது, முதுகு வலிக்கிறது, மழையில் சட்டையெல்லாம் சேறு என்று சொல்லி ஸ்கூட்டருக்கு மாறிவிடுகிறார். அவர் சொல்கிற வலி உண்மைதான். வண்டியை அவருடைய உடம்புக்கும் அவர் போகிற பாதைக்கும் பொருத்திக் கொடுக்க ஒருவரும் இல்லாமல் போனதால் வந்த வலி அது.

நான் செவிலியர். புதுக்கோட்டைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் வீடு. நகரத்து மருத்துவமனைக்கு 7 கிலோமீட்டர் சைக்கிளில்தான் போய் வருகிறேன். விடிகாலை ஷிப்டும் உண்டு, இருட்டிய பிறகு முடிகிற ஷிப்டும் உண்டு. செம்மண் புழுதி, சாலையோரத்துச் சீமைக்கருவேல முள், ஆடி மாதத்து மேல்காற்று, ஐப்பசி மழை எல்லாவற்றிலும் ஓடுகிற வண்டி, கியர் இல்லாத 26 அங்குல லேடீஸ் சைக்கிள். எந்தக் கடையிலும் கிடைக்கும். அதில் செய்து வைத்திருக்கிற சின்னச் சின்ன மாற்றங்கள்தான் அதை அன்றாட வண்டியாக்கியிருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் முன்னால் சீட்டு. நம் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களைக் கவனியுங்கள். பெரும்பாலோருக்குச் சீட்டு மிகவும் தாழ்ந்திருக்கும். நிறுத்தும்போது உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்பதற்காக அப்படி வைத்துக்கொள்கிறார்கள். அதனால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. கால் எவ்வளவு மடங்கிய நிலையில் பலம் கொடுக்கிறோமோ, அவ்வளவுக்கு முழங்கால் சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்தும். மூட்டுவலி என்று வருகிறவர்களிடம் ‘சைக்கிள் ஓட்டுவீங்களா, சீட்டு எவ்வளவு உயரம்?’ என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

உயரம் வைப்பதற்கு அளவு நாடா வேண்டாம். தினமும் போடுகிற செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, சீட்டில் நேராக உட்காருங்கள். ஒரு பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் கால் நேராக நீள வேண்டும். அதுதான் உங்கள் உயரம். ஓட்டும்போது மிதிப்பது முன்பாதம் என்பதால் முழங்கால் லேசாக மடங்கியே இருக்கும். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நின்றுகொள்ள வேண்டும், அவ்வளவுதான். பயமாக இருந்தால் வாரத்துக்கு அரை அங்குலமாக ஏற்றுங்கள். சீட்டுக் குழாயில் ஒரு கோடு போட்டிருக்கும். அது வெளியே தெரிகிற அளவுக்கு மட்டும் ஏற்றக் கூடாது. குழாய் ஒடிந்துவிடும்.

ஹேண்டில் பார் சீட்டைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் போக்குவரத்தைத் திரும்பிப் பார்க்க முடியும். அப்படி உட்காரும்போது உடம்பின் எடையெல்லாம் இடுப்புக்கு அடியிலுள்ள இரண்டு எலும்புகளின் மேல் இறங்குகிறது. அதனால் அகலமான ஸ்பிரிங் சீட்டே நல்லது. வலிக்கிறதே என்று மெத்தென்ற ஜெல் உறை வாங்கிப் போடுகிறார்கள். எலும்பு அதற்குள் புதைந்து, நடுவில் இருக்கிற மென்மையான இடத்தில் மெத்தை முட்டும். தூரம் போகப்போக வலி கூடத்தான் செய்யும்.

வண்டியைத் தங்கள் தேவைக்கு வளைத்துக்கொள்வது எங்கள் மாவட்டத்துப் பெண்களுக்குப் புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழு ஆதரவு கொடுத்தார். விவசாயக் கூலிப் பெண்கள், கல்குவாரித் தொழிலாளிகள், ஆசிரியைகள் என ஆயிரக்கணக்கானவர்கள் கற்றுக்கொண்டார்கள். என் அம்மாவும் அப்போது கற்றவர்தான். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதைவிடச் சுவையான விஷயத்தைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார்: சில பெண்கள் ஆண்கள் சைக்கிளையே விரும்பி எடுத்தார்களாம். சீட்டிலிருந்து ஹேண்டில் பார் வரை போகிற குறுக்குக் கம்பியில் ஒரு பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் காரணம். அம்மா கேரியரில் பழைய லாரி டியூபை நீளமாக வெட்டிக் கட்டி வைத்திருப்பார். தண்ணீர்க் குடமும் நெல் மூட்டையும் அதில் அசையாமல் வரும். இன்றுவரை அதைவிட நல்ல கட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

பிள்ளையை ஏற்றிப் போவது பற்றி மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். கேரியரில் உட்கார்ந்த குழந்தையின் கால் ஓடுகிற சக்கரத்தின் கம்பிகளுக்குள் போய்விடும். குதிகால் தோல் உரிந்து, சில சமயம் எலும்பும் முறிந்து தூக்கி வருவார்கள். குதிகாலில் சதை குறைவு. புண் ஆற வாரக்கணக்கில் ஆகும். இதைத் தடுக்க ஆகிற செலவு மிகக் குறைவு. பின் சக்கரத்தின் இரு பக்கமும் மேல்பாதியை மூடுகிற மாதிரி பிளாஸ்டிக் தட்டோ வலையோ கட்டிவிடலாம். சேலையும் துப்பட்டாவும் சிக்காமல் இருப்பதற்கும் அதுவே போதும். அச்சுக்கு இரு பக்கமும் கால் வைக்க இரும்புக் கட்டை பொருத்தலாம். கேரியரில் முதுகு சாய்த்துப் பிடித்துக்கொள்ளக் கம்பி உள்ள சின்ன சீட்டு வைக்கலாம். இது மூன்றும் இல்லாத வண்டியில் சின்னப் பிள்ளையை ஏற்றவே வேண்டாம்.

இனி மிதி. கியர் இல்லாத வண்டியில் பாரம் கூடக்குறைய மிதிக்க வழியில்லை என்று பலர் நினைக்கிறார்கள். வழி பின் சக்கரத்து பிரீவீலில் இருக்கிறது. என் வண்டி கடையிலிருந்து வந்தபோது முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்றுச் சுற்றி, வண்டி 5 மீட்டர் போகும். ஆடிக் காற்றை எதிர்த்து மிதிக்கும்போது அந்த ஐந்து மீட்டர் மிகவும் பாரம். பின்னால் 22 பல் போட்டால் ஒரு சுற்றுக்கு 4 மீட்டருக்குச் சற்று அதிகம் போகும். மிதிக்க வேண்டிய பலம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும்.

எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் போய், “அண்ணே, பின்னாடி 22 போட்டுக் குடுங்க” என்றேன்.

“ஏன் சிஸ்டர், ஸ்பீடு போயிடுமே?”

“ஸ்பீடு வேணாம்ணே, முழங்கால் வேணும்.”

அவர் பழையதைக் கழற்றி, புதியதைத் திருகி, செயினில் ஒரு அங்குலம் சேர்த்துக் கொடுத்தார். வேகம் எவ்வளவு போனது என்று கணக்குப் பார்த்தால் வியப்பாக இருக்கும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் முன்பு மணிக்கு 18 கிலோமீட்டர், இப்போது 15. ஏழு கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் கூட ஆகிறது. எதிர்காற்று நாட்களில் அந்த ஐந்து நிமிடமும் கூட ஆவதில்லை. பாரமாக இருந்தபோது 60 சுற்று மிதிக்கவே முடியாது, இப்போது மூச்சு வாங்காமல் முடிகிறது. மேடும் காற்றும் அதிகமுள்ள ஊரில் இருப்பவர்களுக்கும், ஐம்பது தாண்டியவர்களுக்கும் சீட்டுக்கு அடுத்தபடியாக இந்த ஒரு மாற்றத்தைத்தான் நான் பரிந்துரைப்பேன். சமவெளியில், பத்து கிலோமீட்டருக்குள் போகிறவர்களுக்கு இருபத்தொரு கியர் தேவையே இல்லை என்பது என் முடிவு. புழுதியில் அந்தப் பின்பக்க கியர் அமைப்பு அடிக்கடி அழுக்கேறும், அடி பட்டால் வளையும். முன்பக்க ஷாக் அப்சார்பரும் எழுந்து நின்று மிதிக்கும்போது நம் பலத்தில் கொஞ்சத்தை அழுத்தி வாங்கிக்கொண்டுவிடும். அந்தப் பணத்தை நல்ல டயருக்கும் விளக்குக்கும் கொடுக்கலாம்.

டயர் என்றதும் எங்கள் ஊரில் முள்தான். கருவேல முள் வாகன டயரையே துளைக்கும். மெக்கானிக்குகள் காலங்காலமாகச் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு: பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி, டயருக்கும் புது டியூபுக்கும் நடுவில் சுற்றிலும் பட்டையாக வைப்பார்கள். வண்டி கொஞ்சம் கனக்கும். ஆனால் பஞ்சர் வெகுவாகக் குறையும். பஞ்சர் ஒட்டிய பிறகு டயரின் உட்பக்கத்தைத் துணியால் ஒரு சுற்றுத் தடவச் சொல்லுங்கள். ஒடிந்த முள் முனை துணியில் மாட்டும். அதை எடுக்காமல் பூட்டினால் மறுநாளே காற்று இறங்கும். ஓட்டை முள் குத்தியதாக இல்லாமல், அருகருகே இரண்டு கீறலாக இருந்தால் காரணம் வேறு. காற்று குறைவாக இருந்து, பள்ளத்தின் விளிம்பில் ரிம் டியூபை நசுக்கியிருக்கிறது.

காற்றை வாரம் ஒரு முறை அடியுங்கள். டயரின் பக்கவாட்டிலேயே அளவு அச்சிட்டிருக்கும். சின்ன ரப்பர்க் குழாய் மாட்டுகிற பழைய வால்வில் அளவு பார்க்க முடியாது. டியூப் மாற்றும்போது மோட்டார் சைக்கிளில் இருக்கிற மாதிரி வால்வு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் பங்கிலேயே அளவு பார்த்து அடித்துக்கொள்ளலாம். எடை பின் சக்கரத்தில்தான் அதிகம் என்பதால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்.

விளக்கு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். இரவில் விபத்தில் அடிபட்டு வருகிற சைக்கிள்காரர்களைப் பார்க்கிறவள் நான். டயரில் உரசி ஓடுகிற டைனமோ வண்டி நின்றதும் அணைந்துவிடும். சாலையைக் கடக்கக் காத்து நிற்கிற அந்த நேரத்தில்தான் வெளிச்சம் மிகவும் தேவை. சார்ஜ் செய்கிற எல்.இ.டி. விளக்கு முன்னால் ஒன்று, பின்னால் சிவப்பு ஒன்று போதும். முன் விளக்கைச் சற்றுக் கீழே சாய்த்து வையுங்கள், எதிரே வருகிறவர் கண் கூசாது. பின் விளக்கைச் சீட்டுக்குக் கீழே மாட்டினால் கேரியரில் இருக்கிற பையோ புடவை முந்தானையோ மறைத்துவிடும். கேரியரின் கடைசி நுனியில், மட்கார்டுக்கு மேலே மாட்டுங்கள். பின் மட்கார்டின் நுனியில் இருக்கிற வெள்ளைப் பெயின்ட் உரிந்திருந்தால் திரும்ப அடித்துவிடுங்கள். அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல. லாரிக்காரர் கண்ணுக்கு வண்டி தெரிவதற்காக வைத்தது.

மழைக்காலத்தில் பிரேக். ரிம் இரும்பில் குரோம் பூசியதாக இருந்தால், நனைந்ததும் பிரேக் கட்டைக்குப் பிடிமானம் பெருமளவு போய்விடும். அலுமினிய ரிம்மில் அந்தச் சிக்கல் குறைவு. சக்கரம் மாற்ற வேண்டி வந்தால் அலுமினியமாகப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை, நிறுத்த வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே பிரேக்கை லேசாகப் பிடித்து ரிம்மில் இருக்கிற தண்ணீரை வழித்துவிட வேண்டும். பின் பிரேக் மட்டும் பிடிக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் முன் பிரேக்குக்குத்தான் பலம் அதிகம். இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். வருடத்துக்கு ஒரு முறை, தைப்பொங்கல் கழிந்து மழை விட்ட பிறகு, வண்டியைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து ஓவராயில் செய்துவிடுங்கள்.

இதையெல்லாம் எழுதத் தூண்டியவர்கள் பள்ளிப் பிள்ளைகள். 2001இல் பட்டியல் இன, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் பிறகு விரிந்து, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. எங்கள் கிராமத்துப் பெண் பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளியை முடிக்க அந்தச் சைக்கிள் எவ்வளவு கைகொடுத்தது என்று நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் காலையில் என்னோடு சாலையில் வருகிற பிள்ளைகளில் நெடுநெடுவென்று வளர்ந்த பெண்ணும் குள்ளமான பையனும் ஒரே உயரச் சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். சைக்கிள் கொடுத்த அன்று எந்த உயரத்தில் இருந்ததோ, இரண்டு வருடமும் அதே உயரம்.

தலைமை ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியில் சைக்கிள் கொடுக்கிற நாளில், பக்கத்துத் தெரு மெக்கானிக்குகள் இரண்டு பேரை ஸ்பேனரோடும் பம்போடும் வரச் சொல்லுங்கள். அவர்களுடைய அன்றைய கூலியைக் கழகம் கொடுத்துவிடட்டும். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். ஒவ்வொருவரையும் ஏற்றி உட்கார வைத்து, குதிகாலைப் பெடலில் வைக்கச் சொல்லி, சீட்டை உயர்த்தி, பிரேக்கையும் பெடலையும் முடுக்கி, காற்றடித்துக் கொடுத்து அனுப்புங்கள்.